சல்லடையில் விழுந்தவை

சமையலறை பளபளவென்று இருந்தது. தாரணி பயந்ததே அதைப் பார்த்துத்தான்.

மேடையைத் துடைத்திருந்தது. தொட்டியில் ஒரு கரண்டிகூட இல்லை. பால் பைகளைக் கழுவிக் காயப்போடும் கம்பியில் கிளிப்புகள் மட்டும் தொங்கின. வந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அபிநயாவுக்குக் கூச்சம். ஹாஸ்டல் நாளிலிருந்தே அவள் அப்படித்தான். மெஸ்ஸில் பரிமாறுகிற அம்மாவின் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டு வருகிறவள். அதெல்லாம் சரி. தாரணி நிமிர்ந்து ஃப்ரிட்ஜின் மேலே பார்த்தாள். அங்கே வைத்திருந்த இருமல் மருந்து பாட்டிலைக் காணோம்.

"அபி, ஃப்ரிட்ஜ் மேல ஒரு மருந்து பாட்டில் இருந்துச்சே, எங்கே?"

அபிநயா கூடத்தில் மகள் மித்ராவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கைச் சுண்டுவிரல் இன்னும் நேராகவில்லை. அதை ஒதுக்கிவிட்டு மற்ற விரல்களால் பின்னப் பழகியிருந்தாள்.

"அதுவா? காலியாத்தானே கிடந்துது. கழுவி, லேபிளை உரிச்சு, மத்ததோட பையில போட்டுட்டேன். இன்னிக்குப் புதன்கிழமை, பிளாஸ்டிக் நாள்னு நீதானே சொன்ன? பயப்படாத, நான் வெளிய தலை காட்டல. பையைக் கதவுக்கு வெளிய வச்சிட்டு வந்துட்டேன். வண்டிக்காரம்மா எடுத்துட்டுப் போயாச்சு."

"அது திருச்சியில வாங்கின மருந்து."

"ஆமா. கிளம்பற அவசரத்துல கையில கிடைச்ச மருந்து அது ஒண்ணுதான்."

"யாரோட அட்டையில வாங்கினது?"

அபிநயாவின் கை பின்னலில் நின்றது. குடும்ப அட்டை அவள் கணவன் சித்தார்த்தின் பெயரில்தான் இருந்தது. அவள் பெயர் அதில் இரண்டாவது வரி.

"அந்த பாட்டிலை ஆலையில கண்ணு படிச்ச நிமிஷம் அவனுக்கு நன்றிச் செய்தி போகும், அபி."

"போனா என்ன? புள்ளிதானே ஏறும்? எல்லார் வீட்டுக்கும் போறதுதானே?"

"இப்ப அதுல ஊர் பேரும் போகுது."

அபிநயா அவளை வெறித்துப் பார்த்தாள். "எனக்கு எப்படிடி தெரியும்? எனக்கு ஒரு நன்றியும் வந்ததில்லையே. எல்லாம் அவர் ஃபோனுக்குத்தான் போகும்."

நாட்டில் விற்கும் எந்த உறையிலும், பால் பையானாலும் பற்பசைக் குழாயானாலும், அதன் உடம்போடு உடம்பாகக் கண்ணுக்குத் தெரியாத அடையாளத் தூள் கலந்திருந்தது. அதை ரேகை என்பார்கள். சுரண்டினாலும் போகாது. வாங்கும்போது அட்டையில் ஏறும். ஆலைக்குத் திரும்பி, கண் என்கிற கருவி அதைப் படித்ததும் நன்றி வரும். இது ஊரறிந்த சங்கதி. ஆனால் ஆடி மாதத்திலிருந்து அந்த நன்றியில் ஒரு வரி கூடியிருந்தது: உங்கள் பொருள் இன்ன ஊரில் மறுபிறவி எடுத்தது. திருப்பூரில் தூக்கிப்போட்ட டப்பா தஞ்சாவூரில் பிறந்ததென்று தெரிந்து மக்கள் குதூகலித்தார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்தார்கள். அந்த வரியை எழுதியவள் தாரணி. குப்பையை மறுசுழற்சி செய்யும் தேசிய மீள்வாரியத்தின் கரட்டுப்பாளையம் ஆலையில் அவள் செய்திப் பிரிவு அதிகாரி.

அபிநயா குழந்தையோடு வந்து இறங்கிய அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. விரல் வீங்கி வந்து நிற்பவளிடம், உன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய வரியை நான்தான் எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? பாட்டிலை எடுத்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அபிநயா சுத்தக்காரி என்பதை மறந்தாள்.

சித்தார்த் ஒருமுறை அவளுக்கும் ஃபோன் செய்திருந்தான். குரலில் தேன் ஒழுகியது. "தாரணி, அபி அங்க வந்தாளா? நான் தேடாத இடமில்ல. குழந்தைக்கு இழுப்பு இருக்கு, அதான் கவலை." வரவில்லை என்று சொல்லிவிட்டுத் தாரணி உடனே ஃபோனை வைத்துவிட்டாள்.

"கதவைத் தாழ் போட்டுக்க. நான் வந்து கூப்பிட்டாத்தான் திறக்கணும்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

வார்டு கொட்டகையில் வண்டிக்காரப் பொன்னாத்தாள் அப்போதுதான் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கொட்டகை கூட்டிப் பெருக்கிக் காலியாகக் கிடந்தது.

"நம்ம பையெல்லாம் அப்பவே லாரியில ஏறிருச்சுங் அம்மிணி. இன்னிக்கு வெள்ளன அனுப்பச் சொல்லி ஆலையில இருந்து ஃபோனு. யாரோ பெரியவங்க வர்றாங்களாமா. ஏனுங், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன! அந்தப் பெரியவர்களை வரவேற்று, நன்றிச் செய்தியின் மகிமையை எடுத்துச் சொல்ல வேண்டியவளே அவள்தான். புடவைகூட இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். இப்போது வீட்டில் போட்டிருந்த சுடிதாரோடு ஸ்கூட்டரை விரட்டினாள்.

வழியில் வாய்க்கால் தெளிவாக ஓடியது. தண்ணீரில் ஒரு பை இல்லை, ஒரு கப் இல்லை. இந்தப் பாதையில் வரும்போதெல்லாம் தாரணிக்கு மனசு நிறையும். அவள் பிறந்து வளர்ந்தது ஊர்க் குப்பைமேட்டின் காலடியில். கோடையில் மேடு தானாகப் பற்றி எரியும். பள்ளிக்கூடத்துக்கு மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு போவார்கள். அவளுடைய தம்பி அந்தப் புகையில் இருமி இருமியே ஒரு மழைக்காலத்தில் போய்விட்டான். அந்த மேடு இப்போது புல்வெளி. வாரியம்தான் அதைச் செய்தது. வாரியத்தை யார் குறை சொன்னாலும் தாரணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்று காலைவரை வந்தது.

ஆலை வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெல்ட் பிரிவுப் பொறியாளர் குமரேசன் புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மாப்பிள்ளைபோல் நின்றிருந்தார்.

"ஏனுங்க மேடம், இந்நேரத்துலயே வந்துட்டீங்க? என்ன, வேர்த்து ஊத்துது?"

"எங்க வார்டு லாரி வந்துருச்சா, சார்?"

"வந்து, பட்டியில அடைச்சாச்சுங்க."

பைகளைக் கொட்டி வைக்கும் கம்பி வேலிக்கு ஆலையில் பட்டி என்று பெயர். தாரணிக்குப் பாதி உயிர் திரும்பியது. "பெல்ட்ல விடலையா?"

குமரேசன் சிரித்தார். "உங்க வார்டு குப்பையைச் சும்மா விட்டுருவமா? அது கல்யாண வீட்டுப் பலகாரமுங்க. எல்லாங் கழுவி, காயவச்சு, மூடி தனி, பாட்டில் தனி. டெல்லி ஆளுங்க வந்தா அதைத்தானே ஓட்டிக் காட்டறது? மத்த வார்டு குப்பையைப் பாத்தா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிருவாங்க."

"அப்ப நூத்துக்குத் தொண்ணூறு திரும்புதுன்னு நான் எழுதி அனுப்பறது?"

"அதுவும் பொய்யில்லீங்க. கண்ணு படிக்கிறதுல தொண்ணூறு திரும்புது. கண்ணு படிக்காதது கணக்குக்கே வராதில்ல?" அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னிக்கு அவங்க வர்றதே அதுக்குத்தானுங்க. பின்கட்டுல மேடு பாத்தீங்கல்ல?"

"பொடி மேடா?"

"ஆமாங்க. உள்ளங்கைக்குள்ள அடங்குற அளவுல எது வந்தாலும் சல்லடையில கீழ விழுந்துரும். மூடி, குழாய், கிழிஞ்ச துண்டு. அதைப் படிக்கக் கண்ணு இல்லீங்க. முந்தியெல்லாம் சிமென்ட் ஆலைக்கு எரிக்க அனுப்பிருவோம். இப்பப் புது மிஷின் வருது, சேத்து வைங்கன்னுட்டாங்க. அது கடுகு அளவு இருந்தாலும் படிக்குமாமா. ஆனா எனக்குப் புரியாதது என்னன்னா, ஆடிக்கப்புறம் இந்தப் பொடி பெருகிக்கிட்டே போகுது. சல்லடையை மாத்தினேன். திரும்ப மாத்தினேன். ஒண்ணும் ஆகல. என்னைய நிக்க வச்சுக் கேக்கப் போறாங்க."

வேறொரு நாளாக இருந்தால் தாரணி நின்று கேட்டிருப்பாள். இன்று அவள் கண் பட்டியின் மேல் இருந்தது. "பேசும்போது கையில காட்ட ஒரு நல்ல பாட்டில் வேணும் சார். உள்ள போய் எடுத்துக்கறேன்."

"தாராளமா எடுங்க. மறந்தாப்ல வெளிய கொண்டு போயிராதீங்க. கேட்டுல சங்கு ஊதிரும். போன வாரம் நம்ம வாட்ச்மேனே ஒரு டப்பாவோட மாட்டிக்கிட்டாரு."

பட்டிக்குள் வார்டு முழுவதின் வெள்ளைப் பைகள் ஆள் உயரம் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் அபிநயா பிளாஸ்டிக் கயிறு தொட மாட்டாள். பழைய துப்பட்டாவைக் கிழித்துத்தான் எதையும் கட்டுவாள். தாரணி பைகளை இழுத்துப் போட்டாள், புரட்டினாள், மண்டியிட்டுத் துழாவினாள். ஊதா நிறத் துணித் துண்டு ஒன்று அடியில் எட்டிப் பார்த்தது. பிரித்தாள். எண்ணெய் பாட்டில், ஷாம்பு, நான்காக மடித்த பால் பைகள். அடியில் பழுப்பு நிற மருந்து பாட்டில் கழுவிய கண்ணாடிபோல் மின்னியது. உயிர் போய் உயிர் வந்தது.

"அட, ஜோரா இருக்குதே!"

குமரேசன் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "லேபிள்கூட ஒட்டாம உரிச்சிருக்காங்க பாருங்க. யாரு வீட்டுதோ, மகராசி! இதையே முதல்ல விட்டுருவோமுங்க. பெரிய திரையில நன்றி யாருக்குப் போகுதுன்னு அவங்க கண்ணால பாக்கட்டும்."

தாரணி பாட்டிலுக்குக் கையை நீட்டினாள். நன்றி, சித்தார்த் என்று ஆளுயரத் திரையில் எழுத்துகள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

"வேண்டாம் சார். மருந்து பாட்டில்."

"மருந்து பாட்டிலுக்கு என்னங்க?"

"முதல் முதல்ல நோவு நொடியைக் காட்டணுமா? நல்ல காரியத்துக்கு எண்ணெய் பாட்டில் விடுங்க. இதோ, நல்லெண்ணெய். மங்களகரமா இருக்கும்."

வாயில் வந்ததை உளறினாள். ஆனால் குமரேசன் சகுனம் பார்க்கிறவர். ஒரு விநாடி யோசித்தார். "அதுவுஞ் சரிதானுங்க" என்று நல்லெண்ணெய் பாட்டிலை வாங்கிக்கொண்டு மருந்து பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வாசலில் யாரோ கூப்பிட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

கிடைத்துவிட்டது. இனி அதை என்ன செய்வது? வெளியே கொண்டுபோனால் சங்கு ஊதும். இங்கே எங்கே ஒளித்தாலும் ஒருநாள் கூட்டிப் பெருக்கிப் பெல்ட்டில் போடுவார்கள். ஆலையின் அத்தனை வாசலும் ஒரே கண்ணிடம்தான் போய்ச் சேரும். அப்படித்தானே கட்டியிருந்தார்கள்? ஒரு துரும்பு தப்பாது என்று அவளே எத்தனை மேடையில் முழங்கியிருக்கிறாள்!

உள்ளங்கைக்குள் அடங்கினால் படிக்கக் கண்ணில்லை.

பைகளை அறுக்கும் கொக்கிக் கத்தி வேலிக் கம்பியில் தொங்கியது. தாரணி அதை எடுத்துக்கொண்டு சல்லடைக்குப் பின்புறம் போனாள். இரைச்சலில் எந்தச் சத்தமும் வெளியே கேட்காது. பாட்டிலின் கழுத்தை அறுத்தாள். உடம்பை நீளவாக்கில் பிளந்தாள். கத்தி நழுவி விரலில் கீறியது. துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வெட்டினாள். நாட்டின் சொத்தை, தான் பாடுபட்டு வளர்த்த ஒழுங்கை, தானே திருடியைப்போல் துண்டு போடுகிறோமே என்று அழுகையாக வந்தது. வெட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சல்லடைக்குக் கீழே குறுகலான பெல்ட் ஒன்றில் பொடி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. கைப்பிடித் துண்டுகளை அதில் போட்டாள். பழுப்புத் துண்டுகள் மற்றவற்றோடு கலந்து நகர்ந்தன. அப்போதுதான் மற்றவற்றை அவள் பார்த்தாள்.

மூடிகள் இருந்தன, குழாய்கள் இருந்தன. அவற்றைவிட அதிகமாக வேறு ஏதோ இருந்தது. மாத்திரை அட்டை, ஒவ்வொரு மாத்திரைக் குழியாக வெட்டியது. மது பாட்டில் அட்டைப்பெட்டி, சின்னச் சின்னச் சதுரமாக. கர்ப்பம் பார்க்கும் கருவியின் உறை, மூன்றாக. யாரோ ஒரு குழந்தைக்கு வாங்கிய சாக்லேட் தாள், முடியைப்போல் மெல்லிசாக. எதன் ஓரமும் கிழிந்ததாக இல்லை. ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்து, பொறுமையாக வெட்டியது. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு வெட்டியது.

ஆடிக்கப்புறம் பெருகுதுங்க என்றாரே குமரேசன்! அவருடைய சல்லடையில் ஒரு பழுதும் இல்லை. பழுது அவளுடைய வரியில் இருந்தது. தாரணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விருந்தினர்கள் வந்தார்கள். வாரியத்தின் இணை இயக்குநர் வசுந்தரா நெல்லைப் பக்கத்துக்காரர், டெல்லியில் பல வருஷமாக இருப்பவர். நரைத்த தலை, பருத்திப் புடவை, தோளில் சின்னக் கைப்பை. கூட இரண்டு இளம் அதிகாரிகள். மாலை, சந்தனம், பேச்சு எல்லாம் நடந்தது. தாரணியும் பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மனப்பாடமாக இருந்ததை நாக்கு ஒப்பித்தது.

குமரேசன் நல்லெண்ணெய் பாட்டிலைப் பெல்ட்டில் வைத்தார். அது சல்லடையைத் தாண்டி, காற்றுக் குழாயைத் தாண்டி, கண்ணாடிக் கூண்டுக்குள் போனது. பச்சை விளக்கு எரிந்தது. தாரணியின் கையில் இருந்த ஃபோன் கிணுகிணுத்தது. அதே நொடியில் திரையில் எழுத்துகள் விரிந்தன: நன்றி, தாரணி! உங்கள் எண்ணெய் பாட்டில் கரட்டுப்பாளையத்தில் மறுபிறவி எடுத்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்துக் கைதட்டியது. "நம்ம மேடம் வீட்டுதுங்களா!" என்று குமரேசனுக்கு வாயெல்லாம் பல். தாரணியும் சிரித்தாள். திருச்சியில் ஒரு ஃபோன் கிணுகிணுப்பது அவள் காதுக்குள் கேட்டது. இல்லை, அது கிணுகிணுக்கவில்லை, வெட்டியாகிவிட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். காது அதை நம்ப மறுத்தது.

பின்கட்டுக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. பொடி மேடு கொட்டகை உயரத்துக்கு நின்றது. இளம் அதிகாரிகளைக் குமரேசன் டீ குடிக்க அழைத்துப் போனார். வசுந்தரா போகவில்லை.

"இது ஏன் பெருகுதுன்னு நினைக்கிற?" என்று கேட்டார்.

"சல்லடை தேஞ்சிருக்கலாம், மேடம்."

"சல்லடை இவ்வளவு நேரா வெட்டாதும்மா." அவர் குனிந்து சில துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் பரப்பினார். "இது கத்தரிக்கோல். இது அரிவாள்மணையா இருக்கும், ஓரம் மழுங்கியிருக்கு. இது..." வெள்ளி நிறத்தில் பளபளத்த ஒரு மாத்திரை அட்டைத் துண்டை விரலால் தொட்டார். "இது நகவெட்டி. நகவெட்டியால வெட்டினா ஓரம் பிறை பிறையா வரும். நேரம் பிடிக்கும். ஆனா சத்தம் வராது. பக்கத்து அறையில தூங்கறவங்களுக்குக்கூடக் கேட்காது."

தாரணி அவரைப் பார்த்தாள். வசுந்தராவின் இன்னொரு கை கைப்பையின் வாயை மூடிப் பிடித்திருந்தது. அவர் உள்ளங்கையை மடக்கிக்கொண்டார்.

"ஊர் பேர் போடற வரி யாரோட யோசனை?"

"என்னோடது, மேடம்."

"நல்ல வரி. அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது நான்."

"எடுத்துறலாமா மேடம்?" தாரணியின் குரல் உடைந்தது. "நம்மால முடியும்தானே?"

"காரணம் கேப்பாங்க. எல்லாருக்கும் பிடிச்ச வரி. எதுக்கு எடுக்கணும்னா நீ என்ன சொல்லுவ?" அவர் தாரணியின் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். ரத்தம் ஊறியிருந்தது. "நான்தான் என்ன சொல்ல முடியும்?"

"புது மிஷின்?"

"கப்பல்ல ஏறியாச்சு. தை பொறந்ததும் இங்க நிக்கும். கையெழுத்துப் போட்டதும் நான்தான். அப்ப எனக்கு இது ஒரு கழிவு விகிதம், அவ்வளவுதான். என் வீட்டுல நான் செய்யறதை இந்த மேட்டோட சேத்துப் பாக்கவே தோணலை. முதல்ல இந்த மேட்டைத்தான் படிக்கச் சொல்வாங்க. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நன்றி போகும். ஒரே நாள்ல."

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நன்றி. தாரணி மேட்டைப் பார்த்தாள். அதன் உச்சியில் எங்கேயோ பழுப்பு நிறத்தில் ஒரு கைப்பிடித் துண்டுகள் கிடந்தன. அவற்றுக்குக் கீழே எத்தனை வீடுகளோ, எத்தனை சாத்திய கதவுகளோ.

"சேத்து வைக்கலாம்னுதான் நான் எழுதினேன். சேத்தே ஆகணும்னு எழுதல" என்று வசுந்தரா வானத்தை அண்ணாந்து பார்த்தார். "நனைஞ்ச பொடி மிஷினுக்கு ஆகாது. மழை வரும்போல இருக்கே?"

வானத்தில் ஒரு மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"வரும்போலத்தான் இருக்கு, மேடம்" என்றாள் தாரணி.

வசுந்தரா தலையசைத்துவிட்டு டீ இருந்த பக்கம் நடந்தார். நடக்கும்போதே மடக்கிய கையை மேட்டின் மேல் விரித்துவிட்டுப் போனார்.

விருந்தினர்களின் கார் கிளம்பியதும் தாரணி குமரேசனிடம் போனாள். "சார், மேட்டை இன்னிக்கே சிமென்ட் ஆலைக்கு அனுப்பணும். முழுசா. மழை வரப்போகுது."

"மழைங்களா?" குமரேசன் நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மாப்பிள்ளைக் களை மெல்ல இறங்கியது.

"பொடியைச் சேத்து வைக்கிறதைச் சொன்னப்ப எங்க ஊட்டுலயுஞ் சொன்னாங்க மேடம், மழை வரும்னு" என்றார் தாழ்ந்த குரலில். "எதுக்குச் சொல்றாங்கன்னு நாந்தான் கேட்டுக்கல." லாரிக்காரர்களைக் கூப்பிடப் போய்விட்டார்.

மாலைக்குள் மேடு கரைந்தது. கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் சிமென்ட் ஆலையின் குழாயிலிருந்து கரும்புகை எழுந்து வடக்கே சாய்ந்தது. தாரணி ஸ்கூட்டரை வாய்க்கால் ஓரம் நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். அந்தப் பக்கமும் ஊர்கள் இருக்கின்றன. அங்கேயும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிள்ளைகள் நடப்பார்கள். தம்பியின் இருமல் ஞாபகம் வந்தது. இந்தப் புகையை ஒழிக்கத்தானே இந்த வேலைக்கு வந்தாள்? இன்று அவளே மூட்டினாள். வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டுக்கொண்டாள். ஸ்கூட்டரை எடுத்தாள்.

கதவைத் தட்டிப் பெயரைச் சொன்ன பிறகுதான் அபிநயா தாழ் நீக்கினாள். நாள் முழுக்க அழுதிருந்தாள். மித்ரா பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு லேசாக விசிலடித்தது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. துண்டு துண்டா வெட்டிட்டேன், இனிமே அது யார் கண்ணுலயும் படாது."

அபிநயா அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். தாரணி தண்ணீர் கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது அபிநயாவின் கையில் அவளுடைய ஃபோன் இருந்தது. எண்ணெய் பாட்டிலுக்கு வந்த செய்தி திரையில் அப்படியே நின்றது.

"இதான் அந்த நன்றியா?" என்று அபிநயா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். "உங்கள் எண்ணெய் பாட்டில் கரட்டுப்பாளையத்தில் மறுபிறவி எடுத்தது. நான் இப்பத்தான்டி முதல் தடவையா பாக்கறேன். எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க! காலி பாட்டிலுக்குக்கூட ஒரு பிறவி இருக்குன்னு. யாருடி எழுதினது?"

தாரணி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"நான்தான்."

அபிநயா நிமிரவில்லை. வளைந்த சுண்டுவிரலால் திரையின் மேல் அந்த ஊர்ப் பெயரை மெல்லத் தடவினாள். மித்ரா தூக்கத்தில் ஒருமுறை இருமியது. தலைமாட்டில், இன்று திறந்த புது மருந்து பாட்டிலுக்குப் பக்கத்தில், திருச்சியிலிருந்து உடுத்திக்கொண்டு வந்த கவுனும் அந்த அவசரத்தில் எடுத்துத் திணித்த, அதே அட்டையில் வாங்கிய பிளாஸ்டிக் பிஸ்கட் டப்பாவும் இருந்தன. இத்தனை நாளும் மித்ரா அந்த டப்பாவில் சோழிகளைப் போட்டு விளையாடி வந்தது. யாருக்கும் அதைத் தூக்கிப்போடத் தோன்றியிருக்கவில்லை.

அபிநயா எழுந்து, சத்தம் வராமல் சோழிகளை மடியில் கொட்டிக்கொண்டு, டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"தை வரைக்கும்தான் முடியும், அபி" என்றாள் தாரணி. "அதுக்கப்புறம் வெட்டினாலும் படிக்கும்."

"சரி" என்றாள் அபிநயா. "கத்தரிக்கோல் எங்க இருக்கு?"